பிரபாஷ் ஜோஷியின் ‘நம்ம’ – கடிதம்

அன்புள்ள ஐயா,

இந்திப் பத்திரிகையாளர் பிரபாஷ் ஜோஷியைப் போன வாரம் உயர்த்தி எழுதியிருந்தீர்கள். அவர் ஆசிரியராக இருந்த ‘ஜன்சத்தா’தான் 1987-ல் தேவ்ராலாவில் நடந்த சதிக்கு (உடன்கட்டை ஏறுதலுக்கு) பரிந்து தலையங்கம் எழுதியது. உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மறந்துவிட்டீர்களா, மறைத்துவிட்டீர்களா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

மறக்கவில்லை. கட்டுரையின் ஓட்டம் கெடும் என்று விட்டுவிட்டேன். மறைத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோஷி மத்தியப் பிரதேசத்து மாள்வாக்காரர். இந்தூரில் ‘நயீ துனியா’ நாளிதழில் தொழில் பழகியவர். 1983-ல் ராம்நாத் கோயங்கா (நம் தினமணியும் அவருடையதாகத்தான் இருந்தது) ஜன்சத்தாவைத் தொடங்கி அவர் கையில் கொடுத்தார். சமஸ்கிருதம் தோய்ந்த விறைப்பான செய்தி மொழியைத் தள்ளிவிட்டு, தெருவில் பேசுகிற இந்தியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தார் ஜோஷி. ‘காகத் காரே’ என்ற தன் பத்தியில் ‘நான்’ என்று எழுதமாட்டார், ‘அபன்’ என்பார். பொது இந்தியில் ‘ஹம்’ என்றால் நாமா, நாங்களா என்று பிரித்தறிய முடியாது. ‘அபன்’ கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். நம்முடைய ‘நம்ம’ மாதிரி. நான் மயங்கியது இதில்தான்.

அவர் சறுக்கியதும் இதில்தான் என்று இப்போது தோன்றுகிறது. ராஜஸ்தானின் தேவ்ராலாவில் கணவனின் சிதையில் எரிந்துபோன ரூப் கன்வருக்கு வயது 18. சதியில் நம்பிக்கை இல்லாத படித்தவர்களுக்கு அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உரிமையில்லை என்பது தலையங்கத்தின் சாரம். பெண்கள் அமைப்புகள் கொதித்தன. எழுதியது அவரல்ல என்பார்கள். இருக்கட்டும், ஆசிரியர் நாற்காலி அவருடையது. 2009-ல் கொடுத்த ஒரு பேட்டியில்கூட அவர் இறங்கி வரவில்லை. அந்த ‘அபனு’க்குள் ஊர் முழுக்க இருந்தது, எரிந்த பெண் இல்லை. மொழியைப் புகழ்ந்த அதே மூச்சில் இதையும் நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் அவரைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அதே 2009 தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு வேட்பாளர் விளம்பரத்தைச் செய்தியாக அச்சடித்த நாளிதழ்களை, எழுபது தாண்டிய வயதில் பெயர் சொல்லித் திட்டினார். சொந்தத் தொழிலில் இருப்பவர்களைப் பகைத்துக்கொள்வது லேசான காரியமில்லை. அந்த வருஷம் நவம்பர் 5 அன்று ஹைதராபாத்தில் சச்சின் 175 அடித்தும் இந்தியா 3 ரன்னில் தோற்றது. கிரிக்கெட் பைத்தியமான ஜோஷி வீட்டில் டிவியில் அதைப் பார்த்தார். அன்றிரவே மாரடைப்பு, போய்விட்டார்.

தேவ்ராலா பற்றிய பத்தியைக் கட்டுரையில் இன்று சேர்த்துவிட்டேன். படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.