பையன் ரேடியோவுல ஃபுட்பால் கமெண்டரி பண்ணப் போறேங்கிறான், என்ன பண்றது?

அக்கா, உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். டெக்சஸ்ல லெவன்த் கிரேட் படிக்கிற பையன், தேங்க்ஸ்கிவிங் வாரம் சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு உள்ளூர் ரேடியோக்காரங்களோட கிளம்பி, ரெண்டு ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் பிளேஆஃப் (நாக்அவுட்) கேமுக்கு கமெண்டரி முடிச்சிட்டு ராத்திரி ஒன்றரைக்கு தொண்ட கட்டி வந்து நின்னான், "அம்மா நான் இதத்தான் படிக்கப் போறேன்"னான், அவங்க அப்பா அன்னிலருந்து மூஞ்சி குடுத்துப் பேசல. இதெல்லாம் ஒரு வேலையான்னு கேக்குறீங்க. வேலைதான் அக்கா, அதுல பேசுறது கால்வாசி கூட இருக்காது.

ஒரு ஸ்டூடண்டுக்காக நானும் இப்படி ஒரு நாள் முழுக்க, ஸ்டேடியத்துல கமெண்டரி சொல்றவங்க உக்கார்ற பிரஸ் பாக்ஸ்ல உக்காந்திருக்கேன். கேம் ரெண்டு மணிக்கு, ரேடியோக்காரங்க பன்னெண்டுக்கே மிக்சர், ஹெட்செட், கூட்டத்தோட சத்தம் பிடிக்கிற மைக், சிக்னல் அனுப்புற பெட்டி எல்லாம் படியில தூக்கிட்டு ஏறுறாங்க. லைன் கட் ஆனா என்ன பண்றதுன்னு தனியா ஒரு செல்ஃபோன் ரெடியா இருக்கும். என் ஸ்டூடண்ட் கையில ஒரு பெரிய அட்டை, ரெண்டு டீம் ஆளுங்களோட நம்பர், பேரு, பொசிஷன் எல்லாம் கலர் கலரா எழுதி. மூணு ராத்திரி உக்காந்து எழுதினானாம். அதுல ஒரு பேருக்குப் பக்கத்துல எப்படி உச்சரிக்கணும்னு பென்சில்ல எழுதியிருந்தான், அந்த ஸ்கூல் கோச்சுக்கே ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கான். ஏண்டா இவ்வளவுன்னு கேட்டேன், "என் பேர இங்க யாருமே சரியா சொன்னதில்ல மேடம்"னான். எனக்கு வாய் அடைச்சுப் போச்சு.

அன்னிக்கு முதல் கேம் டை ஆகி ஓவர்டைமுக்குப் போயிடுச்சு. டெக்சஸ் ஹைஸ்கூல்ல காலேஜ் ரூல்தான், 25 யார்டு லைன்லருந்து பாயிண்ட் எடுக்க ரெண்டு டீமுக்கும் ஆளுக்கொரு சான்ஸ். கூட்டமெல்லாம் எழுந்து நின்னு கத்துது, நம்மாளுங்க வாட்ச்ச பாக்குறாங்க, ஏன்னா அடுத்த கேம் ஏழு மணிக்கு, நூறு மைலுக்கு அந்தப் பக்கம். வயர சுருட்டி வண்டில போட்டு, வழியில பெட்ரோல் பங்க்ல ஒரு சாண்ட்விச், கிக்ஆஃபுக்கு நாலு நிமிஷம் முன்னாடி மைக்கு முன்னாடி உக்காந்தாச்சு. திரும்பவும் முதல்லருந்து, இது எத்தனாவது டவுன் (பத்து யார்டு முன்னேற கிடைக்கிற நாலு முயற்சில எத்தனாவது), இன்னும் எத்தனை யார்டு, பால் எங்க இருக்கு, எந்தப் பக்கம் போகுது, டைம் என்ன, ஸ்கோர் என்ன. ரேடியோவுல கேக்குறவனுக்கு கண்ணு கிடையாது, இவன் சொன்னாத்தான் உண்டு. ரெட் பார்பர்னு பேர் போன பேஸ்பால் கமெண்டேட்டர் ஒருத்தர், ஸ்கோர் சொல்ல மறந்துடக் கூடாதுன்னு மூணு நிமிஷ மணல் கடிகாரம் ஒண்ண பக்கத்துல வெச்சு திருப்பித் திருப்பி வைப்பாராம்.

இந்தக் காலத்துல ரேடியோ யாரு கேக்குறான்னு சார் கேப்பாரு. அந்த ஊர்ல வெள்ளிக்கிழமை ராத்திரின்னா ஹைஸ்கூல் ஃபுட்பால்தான், புரொஃபஷனல் லீக்கான என்எஃப்எல்லோட டிவி கேம் அதுல குறுக்க வராம இருக்க அமெரிக்காவோட 1961 சட்டத்துலயே வழி பண்ணி வெச்சிருக்காங்க. டெக்சஸ்ல ஸ்கூல் போட்டி நடத்துற யூஐஎல் அமைப்பும் வெள்ளிக்கிழமை ரெகுலர் சீசன் கேம லைவ் வீடியோவுல காட்ட ரொம்ப வருஷம் தடை போட்டிருந்துச்சு, 2020 கோவிட் சமயத்துலதான் தளர்த்துனாங்க. அதனால கிரவுண்டுக்குப் போக முடியாத தாத்தா பாட்டி, ஷிஃப்ட்ல மாட்டினவங்க எல்லாம் ரேடியோவதான் நம்பி இருந்தாங்க, அந்தப் பழக்கம் இன்னும் போகல.

ஆனா காசு? ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன், ஆரம்பத்துல கம்மி. சின்ன ஊர் ஸ்டேஷன்ல சனிக்கிழமை கமெண்டரி சொல்றவரே திங்கக்கிழமை கார் ஷோரூம் ஏறி விளம்பரம் கேட்டு நிப்பாரு. அதுக்கும் இவன் தயாரான்னு கேளுங்க. சிராக்யூஸ் யுனிவர்சிட்டில நியூஹவுஸ்ங்கிற மீடியா ஸ்கூல் ரொம்ப பேர் போன இடம், பாப் காஸ்டாஸ், மைக் டிரிகோ மாதிரி பெரிய டிவி ஸ்போர்ட்ஸ் கமெண்டேட்டருங்க எல்லாம் சிராக்யூஸ்ல படிச்சவங்கதான், ஆனா பிரைவேட், ஃபீஸ் கண்ணக் கட்டும். கடன வாங்கி அனுப்பாதீங்க. உங்க பக்கத்துலயே டென்டன்ல யுஎன்டி (யுனிவர்சிட்டி ஆஃப் நார்த் டெக்சஸ்) இருக்கு, கேஎன்டியூ 88.1 ரேடியோ ஸ்டேஷன் அங்கதான். மீடியாவோட கூட ஸ்டாட்டிஸ்டிக்ஸோ பிசினஸோ சேத்து எடுக்கட்டும், ஸ்போர்ட்ஸ்ல டேட்டா தெரிஞ்சவனுக்கு மைக்குக்கு வெளியவும் வேலை இருக்கு.

இதவிட முக்கியமா எனக்குப் பட்டது நீங்க கடைசி வரில போற போக்குல எழுதின விசா விஷயம். பையன் இன்னும் ஹெச்-4ல (அப்பா அம்மாவோட வேலை விசாவ ஒட்டி பிள்ளைங்களுக்குக் கிடைக்கிற விசா) இருந்தா அந்த ஸ்டேஷன்ல அஞ்சு டாலர் கூட சம்பளமா வாங்கக் கூடாது, சம்பளம் இல்லாம போறதா இருந்தாலும் இமிக்ரேஷன் லாயர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்புங்க. 21 வயசுல அந்த ஸ்டேட்டஸ் முடிஞ்சிடும். ஸ்டூடண்ட் விசாவான எஃப்-1க்கு மாறினா ஜர்னலிசம் டிகிரிக்கு பொதுவா ஒரு வருஷ ஓபிடிதான் (படிப்பு சம்பந்தப்பட்ட வேலை பாக்க குடுக்குற அனுமதி), கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்குக் கிடைக்கிற கூடுதல் 24 மாசம் கிடைக்காது. சாரோட கோவத்துல இந்த பயம்தான் பாதி இருக்கும்னு தோணுது, அத அவர் பையன்கிட்ட வாய விட்டு சொல்லியிருக்க மாட்டாரு.

இப்போதைக்கு ஒண்ணு பண்ணுங்க. ரெண்டாவது கேமோட கடைசி குவாட்டர் ரெக்கார்டிங்க அவன்கிட்ட வாங்குங்க. அந்த நேரத்துக்கு அவன் முழிச்சு பதினஞ்சு மணி நேரம் ஆகியிருக்கும். நீங்களும் சாரும் உக்காந்து, ஃபோன கவுத்து வெச்சிட்டு பத்து நிமிஷம் கேளுங்க. எங்க நிறுத்தினாலும் யாரு முன்னாடி, எவ்வளவு டைம் பாக்கின்னு சார் டக்குனு சொல்றாரான்னு பாத்து எனக்கு எழுதுங்க, மீதிய அப்பறம் பேசலாம்.