மாமியாரின் தகரப் பெட்டியை முதலில் திறந்து பாருங்கள்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் வேன் ஓட்டிப் பிழைக்கிறேன். என் தாத்தாவின் குடியுரிமையை 1948இல் இலங்கை பறித்தது. ஒப்பந்தம் போட்டு, ஆடு மாடுகளைப் போல எண்ணிக்கை சொல்லிப் பிரித்து, 1971இல் எங்கள் குடும்பத்தைக் கப்பலேற்றினார்கள். நான் 1979இல் இங்கேதான் பிறந்தேன். இன்றைக்கும் எங்களுக்குச் 'சிலோன்காரர்' என்றுதான் பெயர். சாதிச் சான்றுக்கு அலைந்த கதையை எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. என் மனைவி 1984 மே மாதம் பதுளையில் பிறந்தவர். 1990இல் பெற்றோரோடு படகில் வந்து ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற ஊரில் இறங்கி, பவானிசாகர் முகாமில் வளர்ந்தார். 2002இல் திருமணம். 2003இல் பிறந்த மகனுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. 2006இல் பிறந்த மகள் நர்சிங் முடித்து வளைகுடாவில் வேலையும் கிடைத்திருக்கிறது. அவளுக்குப் பாஸ்போர்ட்டை மறுத்து, தாயின் பிறப்பிடத்தை மறைத்ததாக நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியன், தங்கை யார்? மனைவிக்கு வாக்காளர் அட்டை இருக்கிறது, மூன்று தேர்தல்களில் வாக்களித்திருக்கிறார். மாமனார் கண்டியிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போய் இந்தியப் பாஸ்போர்ட்டே எடுத்து வைத்திருந்தாராம், கப்பல் நின்றுபோனதால் வர முடியவில்லையாம். அது மாமியாரின் தகரப் பெட்டியில் சும்மா கிடக்கிறது. ஒரு ஏஜெண்ட், மகளுக்கு இலங்கைப் பாஸ்போர்ட்டே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொழும்பில் 2022இல் மக்கள் திரண்டு ஜனாதிபதியையே ஓட வைத்தார்கள். இங்கே நான் யார் மீது வழக்குப் போடுவது? இரண்டு அரசுகள் மீதும் நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: உங்கள் கடிதம் பதினொரு பக்கம். அதில் வழக்கை முடிவு செய்யக்கூடிய வரி ஒன்றே ஒன்றுதான். அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: 'தகரப் பெட்டியில் சும்மா கிடக்கிறது.' இன்று இரவே அதைத் திறந்து, உங்கள் மாமனார் இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்யப்பட்ட தேதி எது என்று பாருங்கள். 1984 மே மாதத்துக்கு முன்பா, பின்பா? மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தாத்தாவுக்கு நடந்தது அநீதி. இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்களை, அவர்களில் ஒருவரையும் கேட்காமல், 1964 அக்டோபரில் இந்தியா, இலங்கை இரண்டின் பிரதமர்களும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த மலையில் வக்கீலாக இருக்கும் எவருக்கும் அந்தக் கணக்கு மறக்காது. ஆனால் உங்கள் மகளின் கோப்பில் அந்த வரலாற்றுக்கு இடமில்லை. நீங்கள் 1979இல் இந்திய மண்ணில் பிறந்தவர். 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன், பெற்றோர் யாராக இருந்தாலும் சரி. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தக் காரணத்தின் பேரில்தான் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆகவே உங்களைப் பற்றிக் கேள்வியே இல்லை. உங்கள் பிறப்பு பதிவாகாமல் இருந்தால் கோட்டாட்சியர் வழியாகத் தாமதப் பதிவு செய்துகொள்ளுங்கள், நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான். நஷ்டஈட்டு வழக்கை மறந்துவிடுங்கள். கொழும்பில் நடந்தது அந்த மக்களின் அரசியல், அதை நான் மதிக்கிறேன். அதனால் உங்கள் மகளின் கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகராது.

அண்ணனுக்குக் கிடைத்தது தங்கைக்கு ஏன் இல்லை? 2004 டிசம்பர் 3 என்ற ஒரு தேதிதான் காரணம். அதற்கு முன் பிறந்த மகனுக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். நீங்கள் இருக்கிறீர்கள், முடிந்தது. அந்தத் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்குச் சட்டம் இன்னொன்றும் கேட்கிறது: மற்றவர், குழந்தை பிறந்த நேரத்தில் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. உரிய பயண ஆவணமில்லாமல் நாட்டுக்குள் நுழைந்த வெளிநாட்டவர் என்பது அதன் பொருள். 1990இல் படகில் வந்த ஆறு வயதுச் சிறுமியை அந்தச் சொல்லுக்குள் அடைத்துத்தான் உங்கள் மகளை மறுக்கிறார்கள்.

இப்போது பெட்டிக்கு வாருங்கள். உங்கள் மனைவி பிறந்தபோது அவருடைய தந்தை பதிவு பெற்ற இந்தியக் குடிமகன் என்றால், மனைவி வம்சாவளியால் பிறந்த அன்றே இந்தியக் குடிமகள். வெளிநாட்டவரே அல்லாதவர் சட்டவிரோதக் குடியேறி ஆக முடியாது. அகதி முகாமில் அவர் பெயரைப் பதிந்ததே பிழை என்றாகிவிடும். தாய் தந்தை இருவருமே குடிமக்கள், மகளுக்குத் தடை கிடையாது. பதிவு 1984க்குப் பிறகு நடந்திருந்தாலும் கதை முடியவில்லை. அந்தப் பதிவுச் சான்றில் பிள்ளைகளின் பெயரோடு உங்கள் மனைவியின் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் பிள்ளைகள் பெயர் எழுதும் பக்கத்தையும் பாருங்கள்.

ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'இந்திய வம்சாவளி' வேறு, 'இந்தியக் குடிமகன்' வேறு. மனைவியின் இலங்கைப் பிறப்புச் சான்றில் தந்தையின் இனம் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கும். அதைக் காட்டி வெற்றி பெற்றுவிடலாம் என்று வருபவர்கள் பலர். அது பூர்வீகத்தைத்தான் சொல்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பித்ததும் போதாது, பதிவாகியிருக்க வேண்டும். பாஸ்போர்ட் கொடுத்திருக்கிறார்கள் என்றால் பதிவு நடந்திருக்கிறது என்று பொருள், எனவேதான் அந்தப் புத்தகத்துக்கு இவ்வளவு மதிப்பு. பாஸ்போர்ட் தேதி பிந்தியதாக இருந்து, பதிவுத் தேதி முந்தியதாகவும் இருக்கலாம். பதிவேட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி வெளியுறவு அமைச்சகத்திடம் கேளுங்கள், கண்டியில் உள்ள உதவித் தூதரகம் அதன் கீழ்தான் வருகிறது. மனுவில் மனைவியைக் கையெழுத்திட வைக்காதீர்கள். குடிமக்கள் மட்டுமே அந்தச் சட்டப்படி கேட்க முடியும், அவர் குடிமகள் என்பதோ இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. நீங்கள் கேளுங்கள், மனைவியின் சம்மதக் கடிதத்தை இணையுங்கள்.

இனி நான் உண்மையில் பயப்படும் இடம்.

நோட்டீஸ் வந்தவுடன் வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். யாராவது ஒருவர், 'மனைவிக்குக் குடியுரிமை கேட்டு ஒரு விண்ணப்பம் போட்டுவிடு, எல்லாம் சரியாகிவிடும்' என்பார். போடாதீர்கள். கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் இதைச் செய்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். தாயின் பெயரில் படிவம். தற்போதைய குடியுரிமை என்ற இடத்தில் 'இலங்கை' என்று எழுதி, கீழே தாயின் கைநாட்டு. நிரப்பிக் கொடுத்தவர் ஜெராக்ஸ் கடைக்காரர். எட்டு மாதம் கழித்து, பழைய வீட்டின் பரணிலிருந்து தாத்தாவின் பதிவுச் சான்று கிடைத்தது. தாய் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முந்தைய தேதி. தங்கமான ஆவணம். ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரே பதில்தான்: 'நீங்களே இலங்கையர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே.' அறியாமல் எழுதியதால் குடியுரிமை போய்விடாது என்பது சட்டம். அந்த ஒரு வாக்கியத்தை நிலைநாட்ட எங்களுக்கு ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அந்தப் பையனுக்கு வந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. வெளிநாட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் சுமை, கேள்விக்கு உள்ளானவர் தலையில்தான் இருக்கிறது. 1946இன் வெளிநாட்டவர் சட்டத்திலும் அப்படித்தான், 2025இல் வந்த புதிய சட்டத்திலும் அப்படித்தான். அந்தச் சுமையின் மேல் நாமே ஒரு கல்லை ஏற்றிவைக்கக் கூடாது.

இரண்டாவது குழி, அந்த ஏஜெண்ட். அவர் சொல்வது முழுப் பொய்யாக இருக்காது, அதனால்தான் ஆபத்து அதிகம். இலங்கை 2003இல் இயற்றிய 35ஆம் எண் சட்டம், 1964 ஒப்பந்த நாளிலிருந்து அங்கேயே வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் குடியுரிமை தந்தது. கலவரத்தால் இந்தியாவுக்கு வந்துவிட்டவர்களுக்காக 2009இல் அதைத் திருத்தினார்கள். அந்தச் சட்டத்தால் நன்மை அடைந்தவர்கள் ஏராளம், உங்கள் மனைவியின் சித்தப்பா பிள்ளைகளும் அடைந்திருக்கலாம். அவர்கள் அங்கே வாழ்கிறார்கள். நீங்கள் இங்கே வாழ்கிறீர்கள். இந்தியக் குடிமகன் ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், இந்தியக் குடியுரிமை அந்த நிமிடமே அற்றுப்போகும். இரட்டைக் குடியுரிமை நமக்குக் கிடையாது. மகள் இலங்கைப் பாஸ்போர்ட் வாங்கினால், வளைகுடா போகிறாளோ இல்லையோ, கோத்தகிரியில் பிறந்த வீட்டிலேயே விசா இல்லாத வெளிநாட்டவள் ஆகிவிடுவாள். ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அது போகட்டும், விட்டுவிடுங்கள். கையெழுத்திட்ட வெற்றுத் தாள் ஏதாவது கொடுத்திருந்தால் அதை மட்டும் நாளைக்கே திரும்ப வாங்குங்கள்.

மூன்றாவது, நீங்கள் ஏற்கெனவே விழுந்துவிட்ட குழி. மகளின் விண்ணப்பத்தில் தாயின் பிறப்பிடம் 'கோத்தகிரி' என்று எழுதப்பட்டிருக்கிறது. 'எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்' என்கிறீர்கள். எழுதுகிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள். கையெழுத்து உங்களுடையது அல்ல, பத்தொன்பது வயது முடிந்த உங்கள் மகளுடையது. பாஸ்போர்ட் சட்டம் 12ஆம் பிரிவின்படி, தெரிந்தே தவறான தகவல் தருவதற்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு. இந்தியக் குடிமகன் அல்லாதவர் அதை மறைத்துப் பாஸ்போர்ட் பெற்றால் குறைந்தது ஓராண்டு, ஐந்தாண்டு வரை. மகளுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை என்று அழுகிறீர்கள். இந்த நிலையில் கிடைக்காமல் போனதே அவளைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆகவே இதில் சண்டை போடாதீர்கள், சமாதானமாகப் போங்கள். நோட்டீஸின் கெடு முடியும் முன், பிறப்பிடத்தைத் தவறாக எழுதியது உண்மை, திருத்திக்கொள்கிறோம், விதிக்கும் அபராதத்தைக் கட்டுகிறோம், புதிய விண்ணப்பம் தருகிறோம் என்று நேராக எழுதிக் கொடுங்கள். அலுவலகங்கள் பெரும்பாலும் இதை ஏற்றுக்கொண்டு கோப்பை முடித்துவிடும். போலீஸ் விசாரணையில் அவமதித்தார்கள் என்று அந்தப் பதிலில் எழுதாதீர்கள். அவமதித்திருப்பார்கள், நம்புகிறேன். இந்தக் கடிதம் அதற்கான இடமில்லை. எழுதும்போது ஒரே ஒரு கவனம்: தாய் பதுளையில் பிறந்தார் என்று ஒப்புக்கொள்ளுங்கள், தாய் இலங்கைக் குடிமகள் என்று எழுதிவிடாதீர்கள். பிறந்த ஊர் வேறு, குடியுரிமை வேறு. இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரவே வேண்டாம். வாக்காளர் அட்டையையும் இணைக்காதீர்கள். அது குடியுரிமைக்குச் சான்று ஆகாது, ஆதாரும் ஆகாது. மனைவி குடிமகள் அல்ல என்று முடிவானால், பொய் உறுதிமொழி கொடுத்துப் பட்டியலில் பெயர் சேர்த்தார் என்று அந்த அட்டையே அவர் மேல் திரும்பும். குடிமகள் என்று நிரூபணமானால் அட்டை தானாகச் சரியாகிவிடும்.

பெட்டியில் உருப்படியாக ஒன்றும் இல்லையென்றால்? வழி இருக்கிறது, நீளமானது. 2019 ஜூன் மாதம் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பில், முகாம்களில் இருக்கும் இந்திய வம்சாவளித் தமிழர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலித்து 16 வாரங்களில் முடிவெடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். பரிசீலிக்கச் சொன்னதுதான், கொடுக்கச் சொன்னது அல்ல. அதே ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும்தான், இலங்கை அதில் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தார்கள். நல்ல காரியம், ஆனால் அது குடியுரிமை ஆகாது. அந்த விலக்கு மனைவிக்குப் பொருந்த வேண்டுமானால் முகாம் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். திருமணமாகி வந்தபோது பெயரை நீக்கினார்களா என்று பவானிசாகரில் விசாரியுங்கள். கேட்பது மட்டும்தான், எதிலும் கையெழுத்து வேண்டாம்.

வளைகுடா மருத்துவமனையிடம் மகள் கூடுதல் அவகாசம் கேட்கட்டும். கொடுக்காவிட்டால் அந்த வேலையை விட்டுவிடச் சொல்லுங்கள். அவளுக்கு இன்னும் நாற்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது.

பாஸ்போர்ட் கிடைத்தால் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, நகலெடுத்து நோட்டீஸோடு கொண்டு வாருங்கள். ஈரத்தில் பக்கங்கள் ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள். பத்திரப்படுத்துவதாக நினைத்து லேமினேஷன் செய்துவிடாதீர்கள், அதன்பின் மையையும் முத்திரையையும் ஆய்வு செய்ய முடியாது. மாமியாரையும் அழைத்து வாருங்கள். கண்டிக்குப் போன நாள், கூட வந்தவர்கள், எந்தப் பிள்ளை அப்போது இடுப்பில் இருந்தது என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். அதை உறுதிமொழிப் பத்திரமாக இப்போதே எழுதி வாங்க வேண்டும்.