சிறு நகரத்துப் பூங்காவுக்கு யார் வருவதில்லை?

கேள்வி இது: எங்கள் சிறு நகரத்தில் பூங்கா, மைதானம், நடைபாதை போன்ற பொது இடங்களுக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கும் ஐந்தாண்டுத் திட்டம் தயாரிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

இப்படி ஒரு குழுவில் நானும் மூன்று வருடம் இருந்தேன். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். வரைபடத்தை இப்போதைக்குச் சுருட்டி வையுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே இருக்கிற பூங்காவில் போய் உட்காருங்கள்.

எங்கள் முதல் கூட்டத்தில் மேசை நிறைய வரைபடம், ஆளுக்கோர் ஆசை. ஒருவர் நீரூற்று வேண்டும் என்றார், இன்னொருவர் நுழைவாயில் வளைவு, மற்றொருவர் உள்விளையாட்டு அரங்கம். எதுவும் தப்பான ஆசை இல்லை. ஆனால் இப்போது இருக்கும் இடங்களுக்கு யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. அதைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

1970களில் வில்லியம் வைட் என்பவர் நியூயார்க்கின் சதுக்கங்களையும் குட்டிப் பூங்காக்களையும் இப்படித்தான் ஆராய்ந்தார். உயரமான இடத்தில் கேமராவை வைத்து, மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள், வெயில் நகர நகர எப்படி இடம் மாறுகிறார்கள் என்று பொறுமையாகப் பதிவு செய்தார். அவர் கண்டது கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும்: உட்கார வசதி இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். அதுவரை சதுக்கம் கட்டியவர்கள் பலருக்கு அது தோன்றவில்லை. 1975இல் நியூயார்க் தன் விதிகளைத் திருத்தி, சதுக்கத்தின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓர் அடி நீளம் உட்காரும் இடம் இருக்க வேண்டும் என்றது. வைட் இன்னொன்றையும் கவனித்தார். ஓர் இடத்தில் பெண்களின் எண்ணிக்கை வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால், அந்த இடத்தில் ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேமரா உங்களுக்குத் தேவையில்லை. இரண்டு வாரம் போதும். காலை ஏழு, பகல் பதினொன்று, மாலை நாலு, இரவு ஏழு என்று ஒவ்வொரு வேளையும் கால் மணி நேரம். வேலை நாளும் வேண்டும், விடுமுறை நாளும் வேண்டும். ஆண், பெண், குழந்தை, பதின்ம வயது, முதியவர் என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தனியாக வந்தாரா, துணையோடு வந்தாரா, என்ன செய்கிறார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு வாரம் முடிந்ததும் நிரம்பிய கட்டங்களை விட்டுவிட்டுக் காலியான கட்டங்களைப் பாருங்கள். உங்கள் திட்டத்தின் முக்கால்வாசி அங்கே இருக்கும்.

எங்கள் காலிக் கட்டம் மாலை ஐந்து மணிக்கு மேல் பெண்களும் சின்னக் குழந்தைகளும். நாலு மணிக்கு நிறையப் பேர் இருப்பார்கள், ஐந்தரைக்குப் பார்த்தால் யாரும் இல்லை. இருட்டுக்குப் பயம், விளக்கு போட வேண்டும் என்று குழுவில் எல்லோரும் சொன்னோம். விளக்குக்கு மதிப்பீடுகூடத் தயாராகிவிட்டது. மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே ஓர் அம்மா ஊஞ்சலிலிருந்து தன் பெண்ணை இறக்கினார். குழந்தை காலை இறுக்கிக்கொண்டு நெளிந்தது. இரண்டு பேரும் வேகமாகக் கழிப்பறைப் பக்கம் போனார்கள். கதவில் பூட்டு. அந்த அம்மா பூட்டைப் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், அப்புறம் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்துவிட்டார். ஊஞ்சல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

காவலாளியிடம் கேட்டேன். சாவி அலுவலகத்தில் இருக்கிறது, அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும் என்றார். “எனக்கு ஒரு சாவி குடுங்கன்னு எத்தனையோ தடவை கேட்டாச்சு சார், எழுதிக் குடுன்னாங்க, எழுதியும் குடுத்தாச்சு.” எங்கள் வரைபடத்தில் அந்தக் கழிப்பறைக்குப் பச்சைப் புள்ளி வைத்திருந்தோம். வசதி உண்டு என்று அர்த்தம்.

அதனால்தான் யார் வரவில்லை என்பதை முதலில் பாருங்கள் என்கிறேன். வருகிறவர்கள் வாய் திறந்து கேட்டு வாங்கிக்கொள்வார்கள். வராதவர்கள் கூட்டத்துக்கும் வர மாட்டார்கள், மனுவும் எழுத மாட்டார்கள்.

வியன்னாவில் 1990களின் பிற்பகுதியில் பூங்காக்களை ஆராய்ந்தபோது, ஒன்பது பத்து வயதைத் தாண்டியதும் சிறுமிகள் வருவது சட்டென்று குறைவது தெரிந்தது. பையன்கள் வருவது அப்படிக் குறையவில்லை. பெரிய திறந்த வெளியும், சுற்றிலும் கம்பி வேலி அடித்த பந்தாட்டக் களமும் இருந்தால், முதலில் வந்து பிடித்துக்கொள்கிறவர்களுக்கே அது சொந்தமாகிவிடுகிறது. 1999இல் மார்கரெட்டன் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களைத் திருத்தி அமைத்தார்கள். பெரிய வெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், நடைபாதைகளைக் கூட்டினார்கள், கைப்பந்தும் பேட்மின்டனும் ஆட இடம் விட்டார்கள். சிறுமிகள் திரும்ப வரத் தொடங்கினார்கள். இதில் பெரிய செலவு பிடிக்கிற வேலை எது என்று பாருங்கள். எதுவும் இல்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தாமல் இருக்க முடியாது, விதிப்படி நடத்தத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்ற ஆண்கள். நல்லவர்கள், அக்கறையோடு வந்தவர்கள், ஆனால் அவர்கள் கேட்டதெல்லாம் நடைப்பயிற்சிப் பாதை ஒன்றுதான். அப்புறம் நாங்களே பள்ளிக்கூட வாசலுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போனோம். பதினைந்து பதினாறு வயதுப் பெண்கள் நாலைந்து பேரிடம் பூங்காவில் என்ன வேண்டும் என்று கேட்டேன். ஏதாவது விளையாட்டுச் சாதனம் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஒருவரையொருவர் பார்த்து உட்காருகிற மாதிரி பெஞ்சு வேண்டும், மேலே கூரை வேண்டும், யாரும் எழுந்து போ என்று விரட்டக் கூடாது, அவ்வளவுதான் என்றார்கள். எங்கள் பூங்காவில் அத்தனை பெஞ்சும் வரிசையாக ஒரே பக்கம் பார்த்து இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

இடம் எங்கே தேடுவது என்பதற்கு வருகிறேன். ஊருக்கு வெளியே பெரிய நிலம் சும்மா கிடைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். கொஞ்சம் யோசியுங்கள். நடந்து போகிற தூரத்தில் இல்லாத பூங்கா, வண்டி இருக்கிறவர்களின் பூங்கா. நகரக் காடுகளை ஆராயும் சேசில் கோனைனென்டைக் 2021இல் 3-30-300 என்று ஓர் அளவுகோல் சொன்னார்: வீட்டிலிருந்து பார்த்தால் குறைந்தது 3 மரங்கள் தெரிய வேண்டும், பகுதியில் 30 விழுக்காடு மர நிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பசுமை வெளி இருக்க வேண்டும். ஒரே வருடத்தில் எட்ட முடியாதுதான். ஆனால் வரைபடத்தில் ஒவ்வொரு பூங்காவைச் சுற்றியும் 300 மீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள், எந்த வார்டு எல்லா வட்டத்துக்கும் வெளியே கிடக்கிறது என்று உடனே தெரியும். இதற்கு வரைபடத்தைப் பிரிக்கலாம்.

வட்டத்துக்கு வெளியே கிடக்கும் இடத்தில் பெரிய நிலம் இருக்காது. சின்ன மூலைகள் இருக்கும். அது போதும். ஆம்ஸ்டர்டாமில் கட்டடக் கலைஞர் ஆல்டோ ஃபன் ஐக் 1947இலிருந்து 1978 வரை 700க்கும் மேற்பட்ட விளையாட்டு இடங்களை வடிவமைத்தார். பல, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே காலியாகக் கிடந்த மனைகள். மணல்குழி, தாவிச் செல்லக் கல் வட்டங்கள், தொங்க இரும்புக் கம்பி வளைவுகள், கொஞ்சம் மரம், பெஞ்சு. யானை ஒட்டகம் என்று உருவம் கிடையாது, அதை எதுவாக ஆக்குவது என்பது குழந்தையின் வேலை. ஓர் இடம் வந்ததைப் பார்த்து, எங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று மக்கள் நகராட்சிக்கு எழுத ஆரம்பித்தார்கள். பட்டியலைப் பார்த்து ரெடிமேட் சறுக்குமரம் வாங்குவதற்கு முன் இதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எதையும் கட்டுவதற்கு முன்னால் ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். நியூயார்க் 2009 மே மாதம் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையை வண்டிகளுக்கு மூடியபோது, முதலில் போட்டது சாதாரண மடக்கு நாற்காலிகள்தான். நிரந்தரமாகக் கட்டியதெல்லாம் பின்னால். சிறு நகரத்தில் இது இன்னும் சுலபம். ஒரு தெருவை ஞாயிறு காலை மட்டும் மூடுங்கள், நகர்த்தக்கூடிய நாற்காலிகள் போடுங்கள், தரையில் சுண்ணாம்பால் கோடு கிழியுங்கள். நாற்காலிகளை மக்கள் எங்கே இழுத்துப் போடுகிறார்கள் என்று பாருங்கள். பெஞ்சு வர வேண்டிய இடம் அது. சரிப்படவில்லை என்றால் கோட்டை அழித்துவிடலாம், கான்கிரீட்டை அழிக்க முடியாது.

ஸ்பெயினில் பொந்தெவெத்ரா என்று ஒரு நகரம், மக்கள்தொகை சுமார் 80,000. 1999இலிருந்து தன் மையப் பகுதியைக் கார்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மீட்டு நடப்பவர்களிடம் கொடுத்தது. சிறு நகரத்தால் இதெல்லாம் ஆகாது என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இனி நிகழ்ச்சிகள். இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம். வருடத்துக்கு ஒரு பெரிய விழா வைத்து, மேடை, ஒலிபெருக்கி, விருந்தினர் என்று பொழுதுபோக்குப் பணத்தில் பாதியை ஒரே நாளில் கரைத்துவிடுகிறோம். மறுநாள் காலை மைதானத்தில் குப்பைதான் இருக்கும். மக்களுக்கு வேண்டியது வாரா வாரம், அதே நாள், அதே நேரம், அதே இடத்தில் நடக்கிற ஒன்று. பார்க்ரன் என்ற ஓட்டம் 2004 அக்டோபர் 2ஆம் தேதி லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கியது. சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடத்துவது தன்னார்வலர்கள். இன்று பல நாடுகளில் நடக்கிறது. கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் 1974இலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகளை வண்டிகளுக்கு மூடிச் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிடுகிறார்கள். இப்போது 120 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலை. இரண்டிலும் புதிதாக எதுவும் கட்டவில்லை. இன்றைக்கு இருக்குமா இருக்காதா என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை, போனால் இருக்கும்.

எங்கள் ஊரில் புதன்கிழமை மாலை பேட்மின்டன் தொடங்கினோம். ஒரு வலை, ஆறு மட்டை, ஒரு தகரப் பெட்டி. முதல் இரண்டு வாரம் மூன்று பேர்தான் வந்தார்கள். நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னார். குறைந்தது பத்து வாரம் பார்க்காமல் எந்த நிகழ்ச்சியையும் நிறுத்தாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். ஆறாவது வாரத்திலிருந்து வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அதற்கும் காரணம் வலை இல்லை. பெட்டியைத் திறக்கிற அக்கா ஒரு வாரம்கூடத் தவறவில்லை, புதிதாக வருகிறவர்களைத் தானே கூப்பிட்டு ஒரு ஜோடியோடு சேர்த்துவிடுவார். தயவுசெய்து அப்படிப்பட்ட ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். தன்னார்வலர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் இரண்டு வருடத்தில் அவர் ஓய்ந்துபோவார், நிகழ்ச்சியும் ஓய்ந்துபோகும்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திட்டத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில், கட்டும் செலவுக்கு அடுத்த கட்டத்தில், வருடா வருடம் ஆகும் செலவையும் அதைச் செய்யப்போகிற ஆளின் பதவியையும் எழுதுங்கள். ஆள் பெயர் போட முடியாததைக் கட்டாதீர்கள். எங்கள் நீரூற்று எட்டு மாதம் ஓடியது. சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை 12 அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் ஏறக் கூடாது, ஒப்பந்ததாரர் இடமில்லை என்று செங்குத்தாக வைத்துவிடுவார், நீங்களே டேப் பிடித்து அளந்து பாருங்கள். பெஞ்சுக்கு முதுகும் கைப்பிடியும் வேண்டும். கைப்பிடி இல்லாமல் முட்டி வலிக்காரர் எழுந்திருக்க முடியாது, எழ முடியாத பெஞ்சில் அவர் உட்காரவும் மாட்டார்.

அந்தக் கழிப்பறை விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சாவிக்கு ஒரு நகல் போட்டுக் காவலாளியிடம் கொடுக்க, கடிதம் மேல் கடிதம் போட்டு ஆறு வாரம் ஆனது. விளக்கு மதிப்பீட்டை அப்போதைக்கு ஒத்தி வைத்தோம். அடுத்த முறை எண்ணப் போனபோது ஆறரை மணிக்கும் இரண்டு ஊஞ்சலும் காலியாக இல்லை, ஒரு பையன் தன் முறைக்காகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். காவலாளி அந்தச் சாவியைச் சிவப்புக் கயிற்றில் கோத்துத் தன் நாற்காலிக்குப் பின்னால், யார் வந்தாலும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டி வைத்திருந்தார்.