வாசகர் கேள்வி – பதில்: ஆப்பிரிக்க நாடுகளின் டிஜிட்டல் வர்த்தகச் சட்டங்கள்

இணையவழி வாணிபத்துக்கு ஆப்பிரிக்க நாடுகள் விதித்திருக்கும் சட்டங்களையும் வரிகளையும் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு மட்டுமே இந்தப் பகுதியில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (திருச்சி வாசகர்): கானா நாட்டில் கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றத்துக்கு வரி விதித்து, சில ஆண்டுகளிலேயே அதை நீக்கிவிட்டார்கள் என்று படித்தேன். வருவாய் தரும் வரியை ஓர் அரசு ஏன் கைவிட வேண்டும்?

பதில்: எதிர்பார்த்த வருவாயை அது தரவில்லை. ஏன் தரவில்லை என்பதைப் பார்ப்பதற்கு முன், அங்கே கைப்பேசிப் பணம் எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டு யுபிஐ வங்கிக் கணக்கோடு பிணைந்தது. கென்யாவில் 2007-இல் தொடங்கிய எம்-பேசாவும் அதன் வழிவந்த சேவைகளும் அப்படியல்ல. அங்கே தொலைபேசி எண்ணே கணக்கு, தெருமுனைக் கடைக்காரரே பணம் போடவும் எடுக்கவும் உதவும் முகவர். வங்கிக் கிளையின் படியேறாத லட்சக்கணக்கானோர் இந்த வழியில்தான் பணம் அனுப்புகிறார்கள், சரக்குக்கு விலை கொடுக்கிறார்கள், கூலி பெறுகிறார்கள்.

கானா அரசு 2021 நவம்பரில் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில் இந்தப் பரிமாற்றங்களுக்கு 1.75 சதவீத வரியை முன்மொழிந்தது. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கைகலப்பில் இறங்கும் அளவுக்கு எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் 2022 மே 1 முதல் 1.5 சதவீதமாக வரி நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்கு 100 சீடி (கானா நாணயம்) வரையிலான அனுப்புதல்களுக்கு விலக்கு இருந்தது. முதல் ஆண்டில் 690 கோடி சீடி வரும் என்று கணக்கிட்டிருந்த அரசு, ஆண்டின் நடுவிலேயே அந்த இலக்கைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைக்க நேர்ந்தது. 2023 ஜனவரியில் விகிதம் 1 சதவீதமாகக் குறைந்தது. 2024 டிசம்பர் தேர்தலில் ஆட்சி மாறியதும், 2025-இல் வரியே ரத்தானது.

இந்த வரி லாபத்தின் மீது விழவில்லை, பணம் கைமாறும் ஒவ்வொரு முறையும் முழுத்தொகையின் மீதும் விழுந்தது என்பதில்தான் கோளாறு இருக்கிறது. விலக்குத் தொகைக்கு மேல் 1,000 சீடி அனுப்பினால், தொடக்க விகிதப்படி 15 சீடி வரி. அதே பணம் அடுத்த கைக்குப் போகும்போது அதற்கும் வரி. நூற்றுக்கு நாலைந்து லாபம் பார்க்கும் தக்காளி வியாபாரிக்கு இது கட்டுப்படியாகாது; அவர் ரொக்கத்துக்குத் திரும்பினார். அப்படித் திரும்பும்போது வரி மட்டும் நழுவவில்லை. அவருடைய வியாபாரத்துக்குச் சான்றாக இருந்த கணக்குப் பதிவும் சேர்ந்தே மறைந்தது. நாளை அவரிடம் முறையான வருமான வரி கேட்பதற்கும், வங்கி அவருக்குக் கடன் கொடுப்பதற்கும் பயன்பட்டிருக்கக்கூடிய ஆவணம் அதுதான்.

கானா மட்டும் இப்படிச் செய்யவில்லை. உகாண்டா 2018 ஜூலையில் கைப்பேசிப் பணத்துக்கு 1 சதவீத வரி விதித்து, சில மாதங்களிலேயே பணம் எடுப்பதற்கு மட்டும் 0.5 சதவீதம் என்று மாற்றிக்கொண்டது. அதே 2018 ஜூலையில் சமூக ஊடகம் பயன்படுத்துவோர் நாளொன்றுக்கு 200 ஷில்லிங் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. பலர் இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் செயலி வழியே தப்பித்தார்கள், 2021-இல் அதைக் கைவிட்டு இணைய டேட்டா மீது 12 சதவீத வரியாக மாற்றினார்கள். தான்சானியா 2021 ஜூலையில் விதித்த பரிமாற்றக் கட்டணத்தை இரண்டே மாதத்தில் 30 சதவீதம் குறைத்தது. மூன்று அரசுகளும் ஒரே காரணத்தால் ஈர்க்கப்பட்டன என்பது என் கருத்து: கோடிக்கணக்கான பரிமாற்றங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தொலைபேசி நிறுவனங்களின் வழியாக ஓடுவதால், வசூலிப்பது மிக எளிது. யாரிடம் வசூலிப்பது நியாயம் என்ற கேள்வியை அந்த எளிமை மறைத்துவிட்டது.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): அப்படியானால் கூகுள், நெட்ஃபிளிக்ஸ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து அந்த நாடுகளால் வரி பெற முடியாதா?

பதில்: பெறுகிறார்கள், இரண்டு வழிகளில். வாடிக்கையாளரின் சந்தாவோடு சேரும், நம் ஜிஎஸ்டி போன்ற மதிப்புக்கூட்டு வரி முதலாவது. தென்னாப்பிரிக்கா 2014 ஜூன் 1 முதலே வெளிநாட்டு மின்னணுச் சேவைகளைப் பதிவு செய்ய வைத்து இதை வசூலிக்கிறது. இதில் பெரிய சர்ச்சை இல்லை.

இரண்டாவது, நிறுவனத்தின் வருமானத்தின் மீதான வரி. அலுவலகமோ ஊழியரோ இல்லாத நாட்டில் ஒரு நிறுவனத்துக்கு வருமான வரி இல்லை என்பது பழைய வரி ஒப்பந்தங்களின் அடிப்படை. இதைச் சுற்றிக்கொண்டு போக, கென்யா 2021 ஜனவரி முதல் மொத்த வரவில் 1.5 சதவீதம் டிஜிட்டல் சேவை வரியாகக் கேட்டது. 2024 டிசம்பர் 27 முதல் அதற்குப் பதிலாக, அலுவலகம் இல்லாவிட்டாலும் நாட்டில் இணையவழி வியாபாரம் இருந்தாலே விழும் ‘கணிசமான பொருளாதார இருப்பு வரி’ வந்தது. இதன்படி, வரவில் 10 சதவீதத்தை லாபம் என்று வைத்துக்கொண்டு, அதில் 30 சதவீதத்தை வரியாகக் கணக்கிடுகிறார்கள். வரவில் 3 சதவீதம் என்று ஆகிறது. நைஜீரியா 2021-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் மொத்த வரவில் 6 சதவீதம் என்ற முறைக்கு வழி செய்தது.

தங்கள் கேள்விக்கு இலங்கையோடும் ஒரு தொடர்பு உண்டு. பன்னாட்டு நிறுவனங்களின் லாபத்தைப் பங்கிடுவது பற்றி 2021 அக்டோபரில், பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி உருவாக்கிய உடன்பாட்டைப் பேச்சுவார்த்தையில் இருந்த 140 நாடுகளில் 136 நாடுகள் ஏற்றன. ஒதுங்கி நின்ற நான்கு நாடுகள் கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை. அந்த உடன்பாட்டின் லாபப் பங்கீடு உலக அளவில் 2,000 கோடி யூரோவுக்கு மேல் வரவுள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். கையெழுத்திடும் நாடு தனது சொந்த டிஜிட்டல் வரியைக் கைவிட வேண்டும். கையில் இருக்கும் சிறு வரியை விட்டு, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பங்குக்குக் காத்திருக்க கென்யாவும் நைஜீரியாவும் தயாராக இல்லை. அந்தக் கணக்கு தவறென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் லாபத்தைப் பார்க்காமல் வரவின் மீது போடும் வரி நட்டத்தில் ஓடும் சிறு வெளிநாட்டு நிறுவனத்தையும் பிடிக்கும் என்பதையும், பெரிய நிறுவனம் அதைக் கென்ய விளம்பரதாரரின் தலையிலேயே கட்டிவிட முடியும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி (சென்னை வாசகர், மென்பொருள் துறை): ஆப்பிரிக்க வாடிக்கையாளர்களின் தரவை அந்தந்த நாட்டு சர்வரிலேயே வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறுகிறது, தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாமல் விதியைப் படிக்க வேண்டிய இடம் இது.

ருவாண்டாவின் 2021 அக்டோபர் சட்டம் மிகவும் கண்டிப்பானது. தனிநபர் தரவை ருவாண்டாவுக்குள்ளேயே சேமிக்க வேண்டும். வெளியே வைக்க வேண்டுமானால் தேசிய இணையப் பாதுகாப்பு ஆணையத்திடம் அதற்கான சான்றிதழ் பெற வேண்டும். இந்தச் சட்டத்துக்கு முன்பே அந்த நாட்டின் போக்கு தெரிந்துவிட்டது: தன் கணினிச் சேவைகளை உகாண்டாவிலிருந்து நடத்தியது உரிமத்துக்கு முரணானது என்று எம்டிஎன் ருவாண்டா என்ற தொலைபேசி நிறுவனத்துக்கு 2017-இல் 700 கோடி ருவாண்டா பிராங்க் அபராதம் விதித்தார்கள். இரண்டுமே ஆப்பிரிக்க நாடுகள், அதிலும் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தில் கூட்டாளிகள் என்பதைக் கவனியுங்கள். சர்வர் அமெரிக்காவில் இருந்தால்தான் சிக்கல் என்று நினைப்பது சரியல்ல.

கென்யாவின் 2019 தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவான தடை எதையும் விதிக்கவில்லை. அதன் கீழ் 2021-இல் வந்த விதிகள், மக்கள் பதிவு, தேர்தல், பொதுநிதி போன்ற நாட்டு நலன் சார்ந்த பணிகளுக்கான தரவைக் கென்ய மையத்தின் வழியாகக் கையாள வேண்டும், அல்லது ஒரு பிரதியாவது கென்யாவில் இருக்க வேண்டும் என்கின்றன. நைஜீரியாவில் 2013-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பங்களிப்பு வழிகாட்டு நெறிகள் அரசுத் தரவும் சந்தாதாரர் தரவும் உள்நாட்டில் இருக்க வேண்டும் என்றன. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ போதிய பாதுகாப்பு உள்ள இடத்துக்குத் தரவை அனுப்ப வழி விடுகிறது. ஒன்று பழைய நெறி, மற்றொன்று புதிய சட்டம். இரண்டும் வெவ்வேறு அமைப்புகளின் கையில். தங்களைப் போன்றோருக்கு வழக்கறிஞர் செலவு கூடுவது இத்தகைய இடங்களில்தான். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான பொப்பியா ஒப்பீட்டளவில் தெளிவானது: பெறுபவர் சமமான பாதுகாப்புக்குக் கட்டுப்பட்டிருந்தாலோ, தரவுக்குரியவர் சம்மதித்தாலோ, அவரோடு செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றத் தேவைப்பட்டாலோ வெளிநாட்டுக்கு அனுப்பலாம்.

உள்நாட்டில் வைக்கும் விதிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில், குற்ற விசாரணைக்குத் தரவு கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் என்பது நியாயமானது. உள்ளூரில் தரவு மையத் தொழில் வளரும் என்ற காரணத்தை நான் அவ்வளவாக ஏற்பதில்லை. தடையில்லா மின்சாரமும் போட்டி விலையில் இணைய இணைப்பும் இல்லாத இடத்தில், விதியின் சுமையை முதலில் தாங்குவது உள்ளூர்ப் புதுநிறுவனமே. வெளிநாட்டுப் பெருநிறுவனத்தால் எந்த நாட்டிலும் சர்வர் வாடகை கொடுக்க முடியும்.

கேள்வி (டர்பன் வாசகர், தென்னாப்பிரிக்கா): டெமு, ஷீஇன் தளங்களில் வாங்கும் துணிகளுக்கு இங்கே ஏன் திடீரென்று விலை கூடியது?

பதில்: வெளிநாட்டிலிருந்து நேரே வாடிக்கையாளருக்கு வரும், 500 ராண்டுக்குக் குறைந்த பொட்டலங்களுக்கு 20 சதவீத ஒரே விகிதச் சுங்கம் மட்டும் இருந்தது, மதிப்புக்கூட்டு வரி இல்லை. கப்பலில் மொத்தமாகத் துணி இறக்கும் உள்ளூர் வணிகர் 45 சதவீதச் சுங்கத்தோடு அந்த வரியையும் கட்டிவந்தார். அவர்கள் முறையிட்டதன் பேரில், 2024 செப்டம்பர் 1 முதல் சிறு பொட்டலங்களுக்கும் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி சேர்ந்தது.

கேள்வி (மதுரை வாசகர்): சட்டம் இருக்கிறது, சரி, பெருநிறுவனங்கள் மீது உண்மையில் நடவடிக்கை எடுக்கிறார்களா?

பதில்: அண்மைக் காலத்தில் எடுக்கிறார்கள். வாட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கை தொடர்பாக நைஜீரியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூலையில் அதன் உரிமையாளரான மெட்டா நிறுவனத்துக்கு 22 கோடி டாலர் அபராதம் விதித்தது. 2025 ஏப்ரலில் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நைஜீரியாவிலிருந்து விலக்கிக்கொள்ள நேரலாம் என்று நிறுவனம் நீதிமன்ற ஆவணங்களில் கூறிப் பார்த்தது. கென்யாவில், கருவிழியைப் பதிவு செய்துகொண்டு அதற்கு ஈடாக மின்னணு நாணயம் கொடுத்த வேர்ல்டுகாயின் திட்டத்துக்கு நைரோபியில் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2023 ஆகஸ்டில் அரசு அதை நிறுத்தியது. 2025 மே மாதம் உயர் நீதிமன்றம், பாதிப்பு மதிப்பீடு செய்யாமலும் பரிசு காட்டிச் சம்மதம் பெற்றும் திரட்டிய உயிரியல் தரவை அழிக்கும்படி ஆணையிட்டது.

இவற்றோடு ஒப்பிடக் கூடாத நடவடிக்கையும் உண்டு. அன்றைய நைஜீரிய அதிபர் புகாரியின் பதிவு ஒன்றை ட்விட்டர் நீக்கியதை அடுத்து, நைஜீரியா 2021 ஜூன் 5 முதல் 2022 ஜனவரி 13 வரை அந்தத் தளத்தையே முடக்கியது. நாட்டில் பதிவு செய்து வரி கட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் பிறகு பேசி முடிக்கப்பட்டவை. அந்த ஏழு மாதங்களும் அதில் சரக்கு விற்ற சிறு வணிகர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எகோவாஸ் நீதிமன்றம் அந்த முடக்கம் சட்டவிரோதமானது என்று 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது.

கேள்வி (திருப்பூர் வாசகர்): ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் ஒரே சந்தையாகிவிட்டதாகச் சொல்கிறார்கள். ஓர் இணையக் கடை திறந்தால் எல்லா நாடுகளுக்கும் ஒரே விதியில் பின்னலாடை விற்கலாமா?

பதில்: இன்றைய நிலையில் முடியாது. ஆப்பிரிக்கக் கண்டச் சுதந்திர வர்த்தகப் பகுதி ஒப்பந்தம் 2019 மே 30 அன்று நடைமுறைக்கு வந்தது உண்மை. எரித்ரியா தவிர 54 நாடுகள் கையெழுத்திட்டிருக்கின்றன. ஆனால் அதன் சுங்கச் சலுகை ஆப்பிரிக்காவில் உருவான பொருளுக்கு மட்டுமே உரியது. திருப்பூரில் தைத்த பனியனைக் கென்யாவில் இறக்கி, அங்கிருந்து கானாவுக்கு அனுப்பினாலும் அது திருப்பூர் பனியன்தான்.

இணைய வாணிபத்துக்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் வர்த்தக நெறிமுறையை ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உச்சி மாநாடு 2024 பிப்ரவரியில் ஏற்றது; எல்லை தாண்டிய தரவு, பணப் பரிமாற்றம், மின்னணு அடையாளம் முதலானவை பற்றிய 8 இணைப்பு ஆவணங்கள் 2025 பிப்ரவரியில் ஏற்கப்பட்டன. உறுப்பு நாடுகளுக்கிடையே டிஜிட்டல் பொருள்களுக்குச் சுங்கம் இல்லை, தரவு எல்லை தாண்டலாம், சர்வரை உள்நாட்டில் வைக்கும்படி வற்புறுத்தக் கூடாது என்பன அதன் சாரம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே பொது நலன், பாதுகாப்பு என்ற விலக்குகளும் எழுதப்பட்டிருக்கின்றன. ருவாண்டாவின் விதி அந்த விலக்குக்குள் அடங்குமா என்று இரண்டு வழக்கறிஞர்களைக் கேட்டால் மூன்று பதில் வரும்.

மேலும், மாநாட்டில் ஏற்பது வேறு, நாடுகள் கட்டுப்படுவது வேறு. 22 நாடுகள் ஏற்புறுதி அளித்தால்தான் நெறிமுறை உயிர் பெறும். இணையப் பாதுகாப்பும் தனிநபர் தரவும் பற்றி 2014 ஜூனில் உருவான மலாபோ உடன்படிக்கைக்குத் தேவைப்பட்டவை 15 ஏற்புறுதிகள். மௌரித்தானியா பதினைந்தாவதாகச் சேர்ந்து அது நடைமுறைக்கு வந்தபோது 2023 ஜூன் ஆகியிருந்தது. ஆகவே தாங்கள் கென்யாவையோ தென்னாப்பிரிக்காவையோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த நாட்டின் மதிப்புக்கூட்டு வரிப் பதிவையும் தரவு விதியையும் முடித்துக்கொண்டு தொடங்குவதே நல்லது. பணம் வசூலிப்பதில் மட்டும் முன்னேற்றம் தெரிகிறது: டாலருக்கு மாற்றாமல் உள்ளூர் நாணயங்களிலேயே வங்கிகள் தீர்வு செய்துகொள்ள உதவும் பாப்ஸ் அமைப்பு 2022 ஜனவரியில் அக்ராவில் தொடங்கப்பட்டது. அதுவும் ஆப்பிரிக்க நாடுகளுக்கிடையேயான பணத்துக்கே; இந்தியாவுக்கு வரும் பணம் டாலர் வழியைத்தான் பெரும்பாலும் நாட வேண்டியிருக்கும்.

கேள்வி (கோவை வாசகர்): உலக வர்த்தக அமைப்பில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் நிற்பது ஏன்?

பதில்: இணையம் வழியே வரும் மென்பொருள், இசை, திரைப்படம் போன்றவற்றுக்குச் சுங்கம் விதிப்பதில்லை என்று 1998-இல் அந்த அமைப்பு தற்காலிகமாக முடிவெடுத்து, மாநாட்டுக்கு மாநாடு நீட்டித்துவந்தது. குறுந்தகடாக வந்தபோது சுங்கம் கட்டிய பொருள், கோப்பாக வரும்போது கட்டாமல் போவதால், இறக்குமதி செய்யும் வளரும் நாடுகளுக்கே இழப்பு என்பது இரு நாடுகளின் வாதம். 2024 அபுதாபி மாநாட்டிலும் எதிர்ப்புத் தெரிவித்து, கடைசியில் அடுத்த மாநாடு அல்லது 2026 மார்ச் 31, இவற்றில் எது முந்தியதோ அதுவரை என்ற வரம்போடு நீட்டிப்புக்கு இசைந்தன.

இதில் ஒரு நெருடல் உண்டு. உலக வர்த்தக அமைப்பு இயங்கும் ஜெனீவாவில் சுங்க உரிமையை விட மாட்டேன் என்னும் தென்னாப்பிரிக்கா, மேலே சொன்ன ஆப்பிரிக்க நெறிமுறையில் சக ஆப்பிரிக்க நாடுகளுக்கு அதே உரிமையை விட்டுக்கொடுக்கிறது. முரண் என்று சிலர் சொல்லலாம். நைஜீரியாவின் லாகோஸிலிருந்து வரும் திரைப்படத்துக்கும் கலிஃபோர்னியாவிலிருந்து வரும் மென்பொருளுக்கும் ஒரே நடைமுறை வேண்டாம் என்ற தெரிந்தெடுத்த கொள்கையாகவே நான் அதைப் பார்க்கிறேன். ஆனால் ஒரு கோப்பு எந்த நாட்டில் உருவானது என்று சுங்க அதிகாரி எப்படித் தீர்மானிப்பார் என்பதற்கான விதியை அந்த 8 இணைப்புகளில் ஒன்றுதான் வகுக்க வேண்டியிருக்கிறது.