மேசை ஸ்பீக்கருக்கு மலிவான சப்வூஃபர் சேர்க்கலாமா? எப்படி இணைப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினி மேசையில் சொந்த ஆம்பிளிஃபயர் உள்ள இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. குரல் தெளிவாக இருக்கிறது, அடிச்சத்தம் மட்டும் இல்லை. அவற்றை விற்காமல், அதிகம் செலவழிக்காமல், அடிச்சத்தத்துக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டி (சுருக்கமாக சப்) ஒன்றைச் சேர்க்க முடியுமா?

முடியும். நான் இருப்பது திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். என் மேசையில் பல காலமாக இந்த ஏற்பாடுதான், தெரிந்தவர்கள் சிலருக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது எந்தப் பெட்டி வாங்கலாம் என்றுதான். என்னைக் கேட்டால் பெட்டி இரண்டாம் விஷயம். எப்படி இணைக்கிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. அவை சரியாக அமைந்தால் பழைய மலிவான சப் கூட மனதுக்கு நிறைவாகப் பாடும்.

முதலில், இல்லாமல் போவது எது என்று பார்ப்போம். மேசையில் வைக்கும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 3 அல்லது 4 அங்குல வூஃபர்தான், அதாவது அடிச்சத்தம் எழுப்பும் கூம்புதான், இருக்கும். அவை 80, 100 ஹேர்ட்ஸுக்குக் (ஹேர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) கீழே தளர்ந்துவிடும். பேஸ் கிட்டாரின் ஆகத் தடித்த தந்தி 41 ஹேர்ட்ஸ். நம்முடைய ஆட்களுக்கு இதைவிட நன்றாகப் புரிவது தவில். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், இடது பக்கத் தொப்பியில் குச்சி விழும்போது நெஞ்சிலே ஒரு அடி விழும். அதே வாசிப்பின் ஒலிப்பதிவைச் சிறிய ஸ்பீக்கரில் போட்டால் வலந்தலையில் விரல்கூடுகள் படபடப்பது மட்டும் கேட்கும். தொப்பி காணாமல் போயிருக்கும்.

சிறிய ஸ்பீக்கரின் பேஸ் திருகைக் கூட்டினால் என்ன என்று கேட்பீர்கள். ஒரே சத்த அளவில் சுருதி ஒரு ஸ்தாயி கீழே போனால், வூஃபரின் கூம்பு 4 மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். 3 அங்குலக் கூம்புக்கு அவ்வளவு அசைய இடமில்லை, அது உறுமத் தொடங்கும், கூடவே பாடகரின் குரலையும் கலக்கிவிடும். 8 அங்குல வூஃபருக்குப் பரப்பளவு ஏறக்குறைய 7 மடங்கு, அதனால் கொஞ்சம் அசைந்தாலே போதும். இன்னொரு காரணமும் உண்டு. சத்தம் குறையக் குறைய நம் காது அடிச்சுருதிகளைத்தான் முதலில் கைவிடுகிறது. பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே இரவில் மெதுவாகக் கேட்பவருக்குத்தான் சப் கூடுதலாக உதவும். அதிர வைப்பதற்கு மட்டும் என்று அதை ஒதுக்க வேண்டாம்.

சரி, இணைப்புக்கு வருவோம். உங்கள் ஸ்பீக்கரைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். 'சப் அவுட்' என்று ஒரு துளை இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. எடிஃபயர் நிறுவனத்தின் ஆர்1280டிபிஎஸ் போன்றவற்றில் அது இருக்கிறது, அதே குடும்பத்து ஆர்1280டி மாதிரியில் இல்லை, ஆகவே பெயரைப் பார்த்து நம்பாமல் துளையைப் பாருங்கள். அதிலிருந்து ஒரு ஆர்.சி.ஏ. வயர் (நடுவில் ஒற்றை முள் உள்ள ஒலி வயர்) சப்புக்குப் போனால் போதும். ஸ்பீக்கரின் வொலியூம் திருகே சப்பையும் சேர்த்துக் கூட்டிக் குறைக்கும்.

அந்தத் துளை இல்லாவிட்டால், கணினியின் பச்சைத் துளையில் (ஒலி வெளியே வரும் துளை) இரண்டு கிளையாகப் பிரியும் ஒரு வை-வயர் போட்டு ஒரு கிளையை ஸ்பீக்கருக்கும் மறு கிளையை சப்புக்கும் கொடுங்கள். ஒரு வெளியீட்டை இரண்டாகப் பிரிப்பதால் ஒன்றும் கெடாது. தலைகீழாக, இரண்டு வெளியீடுகளை ஒரு வை-வயரால் ஒன்றாகச் சேர்ப்பதுதான் கூடாது. இடது வலது இரண்டையும் சப்பின் இரண்டு உள்ளீடுகளில் தனித்தனியாகக் கொடுங்கள், அது தனக்குள் கலந்துகொள்ளும்.

இந்த வழியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸ்பீக்கரின் வொலியூம் திருகு இனி சப்பைக் கட்டுப்படுத்தாது. ஸ்பீக்கரைக் குறைத்தால் சப் மட்டும் தன்பாட்டில் இடித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஸ்பீக்கரின் திருகை ஓர் இடத்தில் நிறுத்தி, சப்பின் அளவை அதற்கேற்ப வைத்து, இரண்டையும் பிறகு தொடாதீர்கள். கூட்டுவது குறைப்பது எல்லாம் கணினியிலேயே. தொடக்கத்தில் கை பழைய திருகுக்குத்தான் போகும், கொஞ்ச நாளில் பழகிவிடும். யூ.எஸ்.பி. வழியாகவோ புளூடூத் வழியாகவோ ஸ்பீக்கரை ஓட்டுபவர்களுக்கு இது பொருந்தாது, அங்கே வை-வயரால் பிரிக்கக்கூடிய ஒலிச் சமிக்ஞை இல்லை. அவர்கள் பச்சைத் துளைக்கு மாற வேண்டும். ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பெரும்பாலான ஸ்பீக்கர்களில் அதில் எதையாவது செருகியதும் ஸ்பீக்கர் மௌனமாகிவிடும்.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம். ஆம்பிளிஃபயர் உள்ள ஸ்பீக்கரிலிருந்து மற்ற ஸ்பீக்கருக்குப் போகும் வயரைச் சுரண்டி அங்கிருந்து சப்புக்குக் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இப்போது வரும் டி வகுப்பு ஆம்பிளிஃபயர் சிப்புகள் பலவற்றில் அந்த வயரின் இரண்டு கம்பிகளிலும் சமிக்ஞை ஓடுகிறது, ஒன்றுகூடத் தரைக் கம்பி அல்ல. அதில் ஒன்று சப்பின் தரையோடு பட்டால் சிப் எரிந்துபோகலாம்.

இனி எந்தப் பெட்டி. கையில் காசு குறைவென்றால் என் முதல் பரிந்துரை பழைய 2.1 செட் (இரண்டு சிறிய ஸ்பீக்கர், ஒரு சப்) ஒன்றின் சப். வீட்டு மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும், அல்லது ஒலி, ஒளிக் கருவி திருத்தும் கடையில் கேட்டால் கிடைக்கும். அதற்குள்ளேயே ஆம்பிளிஃபயரும் அடிச்சத்தத்தை மட்டும் பிரிக்கும் சுற்றும் இருக்கின்றன. அதன் சிறிய ஸ்பீக்கர்களைச் செருகாமல் விட்டுவிட்டு சப்பை மட்டும் ஓட்டினால் எந்தச் சேதமும் வராது. 40 ஹேர்ட்ஸ் வரை இறங்குமென்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் தொப்பியின் அடி திரும்பி வரும். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் 8 அங்குல வூஃபரோடு, வொலியூம், குறுக்குச் சுருதி (சப் எந்தச் சுருதிவரை பாடும் என்ற எல்லை), ஃபேஸ் (சப்பின் கூம்பும் ஸ்பீக்கரின் கூம்பும் சேர்ந்து அசைகின்றனவா என்பது) மூன்றுக்கும் திருகோ சுவிட்சோ உள்ள தனி சப் வாங்குங்கள். சவுண்ட்பாரோடு வந்த வயர் இல்லாத சப்பை யாராவது சும்மா தந்தாலும் உதவாது, அது தன் சொந்த சவுண்ட்பாரோடு மட்டுமே பேசும். ஹோம் தியேட்டர் செட்டின் சப் பெரும்பாலும் வெறும் பெட்டி, அதை ஓட்ட ஒரு ஆம்பிளிஃபயர் வேறு தேவைப்படும்.

பழையது வாங்கும்போது நம் ஊருக்கென்று ஒரு பரிசோதனை இருக்கிறது. கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஸ்பொஞ்ச் வளையம் வெக்கையிலும் ஈரத்திலும் உக்கிப் பொடிப் பொடியாகக் கொட்டும், றப்பர் வளையம் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும். கடற்கரையை ஒட்டிய வீட்டிலிருந்து வந்த பொருளென்றால் பின்பக்கத் துளைகளையும் பாருங்கள், உப்புக்காற்று பச்சை பிடிக்க வைத்திருக்கும். கூம்பை நடுவில் பிடிக்காமல் இரண்டு பக்கமும் சமமாக மெல்ல அழுத்துங்கள், உரசும் சத்தம் வந்தால் விட்டுவிடலாம்.

பெட்டி வந்ததும் குறுக்குச் சுருதித் திருகு. 3 அங்குல ஸ்பீக்கருக்கு 100 பக்கமும் 4 அங்குலத்துக்கு 80 பக்கமும் தொடங்குங்கள். 80க்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று காது கண்டுபிடிப்பது கடினம், மேலே போகப் போக மேசைக்கடியில் யாரோ பாடுவது போலத் தெரியத் தொடங்கும். சப்பின் அளவைப் பூச்சியத்தில் வைத்து மெல்லக் கூட்டுங்கள். சோதிக்க ஆண் குரலில் வானொலிச் செய்தி போதும். ஆணின் பேச்சுக் குரல் ஏறக்குறைய 85இலிருந்து 155 ஹேர்ட்ஸில் தொடங்குகிறது. செய்தி வாசிப்பவர் குடத்துக்குள்ளிருந்து பேசினால் திருகு மேலே நிற்கிறது, அல்லது அளவு கூடிவிட்டது. செய்தியில் சப் இருப்பதே தெரியக்கூடாது, பாட்டில் அதை நிறுத்தினால் உடனே தெரிய வேண்டும். பிறகு ஃபேஸ் சுவிட்ச். குறுக்குச் சுருதியில் ஒரு தனிச் சுரத்தை ஓடவிட்டு 0, 180 என்று மாற்றிப் பாருங்கள், எதில் சத்தம் கூடக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

மேசைக் கணினியின் பின்பக்கம் செம்மஞ்சள் துளையும் இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம், எனக்கு ஆகப் பிடித்த வழியும் இதுதான். விண்டோஸில் ஒலியை 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்) என்று மாற்றி, பச்சையை ஸ்பீக்கருக்கும் செம்மஞ்சளை சப்புக்கும் கொடுங்கள். அந்த வயரின் இரண்டு ஆர்.சி.ஏ. முனைகளில் ஒன்றில்தான் சப்பின் சமிக்ஞை வரும், மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஈக்குவலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளில் இடது, வலது ஒலியை சப் வழிக்கும் நகலெடுத்து, ஸ்பீக்கருக்கு 90 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, சப்புக்கு அதே 90க்கு மேலே வெட்டு என்று எழுதிவிடலாம். அப்போது சப்பின் சொந்தக் குறுக்குச் சுருதித் திருகை உச்சத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே வேலையை இரண்டு முறை செய்த மாதிரி ஆகிவிடும். அடிச்சத்தச் சுமை இறங்கியதும் அந்தச் சிறிய ஸ்பீக்கர்கள் பாடும் தெளிவைக் கேட்டுப் பாருங்கள். சப் வாங்கியதன் பெரிய லாபம் மேலே இருக்கும் குரலில்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். மடிக்கணினிகளில் பொதுவாக இந்தத் துளை கிடையாது.

அடுத்தது இடம். நம் வீடுகளில் சீமெந்துச் சுவர், சீமெந்துத் தரை, அடிச்சத்தம் நன்றாகத் திரும்பி வரும். 10க்கு 12 அடி அறையென்றால் 48, 57 ஹேர்ட்ஸ் பக்கம் அறையே சேர்ந்து முழங்கும், சில இடங்களில் அதே சுரம் காணாமலும் போகும். இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள், பேஸ் ஏறி இறங்கும் பாட்டொன்றைப் போடுங்கள், நீங்கள் தவழ்ந்து சுவரோரம் சுற்றி வாருங்கள். எங்கே எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். மூலையில் சத்தம் கூடும், முழக்கமும் கூடும். மேசைக்கடியில் வைப்பதானால் மேசைக் காலில் முட்டாமல் றப்பர் பாதம் போட்டு வையுங்கள். ஜன்னல் திறந்திருந்தால் முழக்கம் குறையும், வெளியே போவதும் கூடும். அடிச்சத்தம் சுவரைத் தாண்டும், பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் இரவில் சப்பை அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, சப் வந்த பிறகு இடைவிடாத இரைச்சல் ஒன்று கேட்டால் அது நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம், எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது. கணினி, ஸ்பீக்கர், சப் மூன்றையும் ஒரே மல்டி பிளக்கில் போடுங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். பழைய வீடுகளில் ஒரு சுவரில் உருண்டை முள் பிளக், மறு சுவரில் சதுர முள் பிளக் என்று கலந்திருக்கும், அப்படி இரண்டு இடத்தில் செருகினால் இரைச்சல் வர வாய்ப்பு அதிகம். பிறகும் போகாவிட்டால் ஒலி வயரில், எர்த் தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் ஐசோலேட்டர் போடலாம். ஆனால் ஆக மலிவானதில் உள்ள சின்ன டிரான்ஸ்போமர் நீங்கள் தேடிவந்த அடிச்சத்தத்தையே தின்றுவிடும், கேட்டுப் பார்த்து வாங்குங்கள். எர்த் முள்ளை வெட்டச் சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் கேட்காதீர்கள், அது உயிர் காக்கும் முள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் அந்த மல்டி பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது போதாது.