இத்தாலியில் ஏப்ரல் 25க்கு என்ன அர்த்தம்?

"ஏப்ரல் 25ஐ இத்தாலியில் விடுதலை நாள் என்கிறார்கள். யாரிடமிருந்து விடுதலை? போர் முடிந்தது மே மாதத்தில்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் தங்கை குடும்பம் போலோஞா நகரில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்கள் என்று மருமகன் இதே கேள்வியைப் போன வருடம் என்னிடம் கேட்டான். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நான் இத்தாலிச் சரித்திரம் தேடிப் படித்தது அவனுக்காகத்தான்.

யாரிடமிருந்து என்றால், இரண்டு பேரிடமிருந்து. 1922இல் ஆட்சிக்கு வந்த முசோலினி மற்றக் கட்சிகளையும் தொழிற்சங்கங்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொன்றாக ஒடுக்கினார். 1943 ஜூலையில் அவர் பதவி போனது. செப்டெம்பரில் இத்தாலி நேச நாடுகளோடு போர்நிறுத்தம் செய்ய, ஜெர்மன் படை நாட்டின் வடக்கையும் நடுப்பகுதியையும் பிடித்துக்கொண்டு, முசோலினியை ஒரு பொம்மை அரசில் திரும்பவும் உட்கார வைத்தது. உள்ளூர் சர்வாதிகாரம் ஒன்று, அந்நியப் படை ஒன்று. இரண்டையும் எதிர்த்து மலைகளிலும் நகரங்களிலும் இருபது மாதம் சனங்கள் போராடினார்கள். 1945 ஏப்ரல் 25 அன்று மிலானில் இருந்த விடுதலைக் குழு, "எல்லாரும் எழுங்கள்" என்று வடக்கு முழுவதற்கும் அறிவித்தது. கம்யூனிஸ்டுகள், சோஷலிஸ்டுகள், கத்தோலிக்கர், லிபரல்கள் எல்லாரும் இருந்த குழு அது.

தெற்கு இத்தாலி 1943இலேயே விடுபட்டுவிட்டது. போலோஞா ஏப்ரல் 21இல் விடுபட்டது. இருந்தும் 25ஐத் தேர்ந்தார்கள். போர் முடிந்த நாள் தளபதிகள் கையெழுத்துப் போட்ட நாள். 25 அந்த நாட்டுச் சனங்களே எழுந்த நாள். என் மனதில் நிற்கிற காரணம் இதுதான்.

விடுதலையின் மறுபாதியான ஜனநாயகம் அடுத்த வருடம் வந்தது. 1946 ஜூன் 2இல் மன்னராட்சியா குடியரசா என்று வாக்கெடுப்பு. நாடு தழுவிய வாக்களிப்பில் பெண்கள் முதல் தடவை கலந்துகொண்டது அன்றுதான். குடியரசு வென்றது. அன்றே தெரிவான அரசியலமைப்பு சபையில் 21 பெண்கள் இருந்தார்கள். அந்தச் சபை எழுதிய அரசியலமைப்பு 1948 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது.

அந்தத் தேதியைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். அதற்கு 34 நாள் கழித்துத்தான், பெப்ரவரி 4இல், இலங்கை சுதந்திரம் பெற்றது. வாக்குரிமையில் நாங்கள் இத்தாலிக்கு முந்தியவர்கள். 1931இலேயே இங்கே பெண்களுக்கும் வாக்கு இருந்தது. அந்தத் தேர்தலையே, முழுச் சுதந்திரம் இல்லாத அரசியலமைப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. குடாநாட்டின் 4 ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. அவ்வளவு சுதந்திர தாகம் இருந்த ஊர் இது. பிறகு சுதந்திரம் வந்தது. அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்து மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. வாக்குரிமையும் அதன் பின்னே போயிற்று. பெப்ரவரி 4 எங்களுக்கு ஏன் நெஞ்சில் ஒட்டவில்லை என்பதற்குத் தொடக்கம் அங்கே இருக்கிறது.

சரி, ஒரு சுவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

போலோஞாவின் நெப்டியூன் சதுக்கத்தில், பழைய மாநகர மண்டபக் கட்டடத்தின் வெளிச்சுவரில், பிடிபட்ட போராளிகளை முசோலினியின் ஆட்கள் நிறுத்திச் சுட்டார்கள். "போராளிகள் இளைப்பாறும் இடம்" என்று கேலியாக எழுதியும் வைத்தார்கள். நகரம் விடுபட்ட அன்று, யாரும் சொல்லாமலே, செத்தவர்களின் வீட்டார் படங்களையும் பூக்களையும் கொண்டுவந்து அதே சுவரில் வைத்தார்கள். இன்று அங்கே சுமார் 2000 பேரின் நினைவிடம் நிரந்தரமாக இருக்கிறது. போன ஏப்ரல் 25இல் தங்கை வீடியோ கோலில் காட்டினாள். சின்னச் சின்னப் படங்கள், பாஸ்போர்ட் படம் மாதிரி. பள்ளிக்கூடப் பெடியன்கள் மாதிரி முகங்கள். ஒரு கிழவி ஒரு படத்தை விரலால் தொட்டுவிட்டுப் போனாள்.

அந்த நாளைப் பற்றி இத்தாலியருக்குள்ளேயே வலதுக்கும் இடதுக்கும் சண்டை உண்டு. அது இருக்கட்டும். தன் பிள்ளையின் படத்தை ஊர் நடுவில் வைத்து அழ ஒரு தாய்க்கு இடம் கொடுத்த நாளைத்தான் நான் விடுதலை நாள் என்பேன்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருக்கிறார். 2009இலிருந்து மகனைத் தேடுகிறார். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து, லமினேற் பண்ணிய மகனின் படத்தோடு அடிக்கடி அங்கே போய்வருவார். வெயிலில் பிடித்துப் பிடித்துப் படம் வெளிறி, ஓரம் உரிந்துவிட்டது.

தங்கை அனுப்பிய வீடியோவை அவருக்குக் காட்டினேன். கனநேரம் பார்த்தார்.

"தம்பி, கீழ பேரும் எழுதியிருக்கோ?"

"ஓம் அக்கா, எழுதியிருக்கு."

இன்னொருக்கால் போடச் சொன்னார்.