ஹிஸ்பானிக் மாணவர்களின் கோடைத் தலைமைப் பயிற்சி: விண்ணப்பத்தில் ஒரு வரிக்குத்தானா?

கேள்வி: அமெரிக்காவில் ஹிஸ்பானிக் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்று, கல்லூரிக்கு முன்னால், கோடை விடுமுறையில் தலைமைப் பயிற்சி நடத்துகிறார்களே, அதில் உருப்படியாக ஏதாவது கற்றுக்கொடுக்கிறார்களா? இல்லை, கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்ப்பதற்குத்தானா?

"தானா" என்று முடித்திருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் சுருக்கென்றது. பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரப் பிள்ளை எங்கோ போகிறது, நம் பிள்ளைக்கு ஏதோ நழுவிப்போகிறது என்ற பதைப்பில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

நான் டெக்சஸின் தென்கோடியில், ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கில், ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பன்னிரண்டு வருஷமாகிறது. இங்கே ஜனங்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஹிஸ்பானிக், அதாவது மெக்சிகோ மாதிரி ஸ்பானிஷ் பேசுகிற நாடுகளின் வம்சாவளி. பிள்ளைகள் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள், அப்படியே நம்மூர்ப் பள்ளிக்கூடம் மாதிரி. எந்த அமைப்புக்கும் நான் ஏஜென்ட் இல்லை, யாரிடமும் காசு வாங்கவில்லை. கமெண்டில் அதைக் கேட்கப்போகிறவர்களுக்காக முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இந்த வகை நிகழ்ச்சிகள் நிறைய இருக்கின்றன. எனக்குப் பழக்கமானது நேஷனல் ஹிஸ்பானிக் இன்ஸ்டிட்யூட் நடத்துவது. எர்னஸ்டோ நியெத்தோ என்பவர் 1979-இல் தொடங்கியது, மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குத் தெற்கே மேக்ஸ்வெல் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. அவர்களுடைய இளைஞர் சட்டமன்றத்துக்கு லொரென்சோ தெ சவாலா பெயர். யூகத்தானில் பிறந்து, மெக்சிகோ அரசியலில் பெரிய ஆளாக இருந்து, 1836-இல் மெக்சிகோவிலிருந்து பிரிந்த டெக்சஸின் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டு, டெக்சஸ் குடியரசின் முதல் இடைக்காலத் துணை ஜனாதிபதியானவர். எங்கள் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இவரைத் தெரியாது. பாடப்புத்தகத்தில் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிற ஆள்.

ஒரு கல்லூரி வளாகத்தில் எட்டு நாள் தங்க வேண்டும். கட்சி கட்டி, பிரசாரம் செய்து, ஆளுநர், சபாநாயகர், தலைமை நீதிபதி என்று அவர்களே தேர்தல் வைத்துக்கொண்டு, மசோதா எழுதி, சண்டை போட்டு நிறைவேற்ற வேண்டும். பெரியவர்கள் ஓரமாக நிற்பார்கள். பாடம் என்றால் இதுதான் பாடம்.

இனி என் கதை. ஒரு மாணவி. அல்ஜீப்ராவில் கெட்டி, வாய் திறக்க மாட்டாள். ஆங்கில டீச்சரும் நானும் அவள் பெயரைக் கொடுத்தோம். கடிதம் வந்தது, வீட்டில் "வேண்டாம்" என்றுவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

அடுக்களை மேஜையில் மூவரும் உட்கார்ந்தோம். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, என் ஸ்பானிஷ் நொண்டும், நடுவில் மகள் மொழிபெயர்ப்பு. அம்மா மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்: "கியென் மெ லா வா அ குயிதார்?"

மகள் என் பக்கம் திரும்பி, "பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறாங்க, மிஸ்" என்றாள்.

என் ஸ்பானிஷ் அவ்வளவு மோசமில்லை. "என் பிள்ளையை அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்" என்பதுதான் அந்தத் தாய் கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் அவரே மெதுவாக இன்னொரு வார்த்தை சொன்னார்: "ஃபல்ஃபுரியாஸ்." அதை மகள் மொழிபெயர்க்கவே இல்லை.

எங்கள் பக்கம் இல்லாதவர்களுக்கு: இங்கிருந்து நெடுஞ்சாலை 281-இல் வடக்கே போனால் ஃபல்ஃபுரியாஸ் அருகே எல்லைக் காவல் படையின் சோதனைச்சாவடி வரும். வடக்கே போகிற ஒவ்வொரு வண்டியும் நின்றாக வேண்டும், குடியுரிமை கேட்பார்கள். எல்லைக்கு எழுபது மைல் உள்ளே வந்தபிறகும் இன்னொரு எல்லை. குடியேற்றக் காகிதம் இல்லாதவர்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருபது வருஷம் வாழ்ந்திருப்பார்கள், சாவடிக்கு வடக்கே இருக்கிற சான் அந்தோனியோ நகரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். பிள்ளைக்கு அங்கே காய்ச்சல் வந்தால்கூடத் தன்னால் போய்த் தூக்கிவர முடியாது. அந்த அம்மா சொன்னது அதைத்தான். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, கேட்கிற விஷயமும் இல்லை.

எனக்கு அந்த நேரம் 1994 ஞாபகம் வந்தது. திருநெல்வேலியில் கல்லூரி இரண்டாம் வருஷம், என்.எஸ்.எஸ். முகாம், பக்கத்துக் கிராமத்தில் பத்து நாள். "பொம்பளப் பிள்ள பத்து நாள் வெளிய தங்குறதா? நல்லாத்தான் இருக்கு" என்று அப்பா பேப்பரை மடித்துவிட்டுப் போய்விட்டார். படிவம் கையெழுத்தில்லாமல் என் நோட்டுக்குள் கிடந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று, ஆண்டு மலருக்கு அந்த முகாமைப் பற்றிய கட்டுரையை என்னிடமே எழுதச் சொன்னார்கள். போகாத முகாமுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். மூன்று வாரம் கழித்து அம்மா சம்மதித்தார். என்ன நினைத்துச் சம்மதித்தார் என்று எனக்குத் தெரியாது, என் பேச்சால் என்று நான் சொல்லிக்கொள்ளவும் மாட்டேன். கட்டணத்துக்கு பிளேட் சேல் போட்டோம். ஒரு கோழிக்கால், சிவப்புச் சோறு, பீன்ஸ், ஒரு துண்டு வெள்ளை பிரெட், எல்லாம் ஒரு தெர்மோகோல் பெட்டியில், எட்டு டாலர். சைவக்காரி நான் நாலு மணி நேரம் கோழிப்புகையில் நின்று பெட்டி மூடினேன். தொண்ணூற்றாறு பெட்டி போனது. மீதிக்கு உதவித்தொகை கிடைத்தது.

அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டதும் நான்தான். (டீச்சர் மாணவியைத் தனியாக அழைத்துப் போகலாமா என்று கிளம்பாதீர்கள். அவள் சித்தி பின்சீட்டில் இருந்தார், அனுமதிக் கடிதமும் இருந்தது.) சாவடியில் அதிகாரி குனிந்து பார்த்தார். இவள் இங்கே டெக்சஸ் மெக்காலனில் பிறந்தவள், "யூ.எஸ். சிட்டிசன்" என்று முடித்துவிட்டாள். சித்தியும் அப்படியே. நான்தான் கிரீன் கார்டைத் தேடிக் கைப்பையைத் தலைகீழாகக் கொட்டினேன். அவள் சிரித்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

எட்டு நாள் கழித்து வந்தவள் கோபமாக வந்தாள். சபாநாயகர் பதவிக்கு நின்று தோற்றிருக்கிறாள். பெரிய ஊர்ப் பிள்ளைகள், டாக்டர் வீட்டுப் பிள்ளைகள், ஏற்கெனவே பேசப் பழகியவர்கள் ஓட்டை அள்ளிக்கொண்டார்களாம். ஹிஸ்பானிக் என்றால் எல்லோரும் ஒன்று என்று நாம் நினைக்கிறோம், அங்கேயும் மேல்தட்டு கீழ்த்தட்டு உண்டு. அது அவளுக்குத் தெரிந்ததும் நல்லதுதான். இன்னொன்றும் தெரிந்துகொண்டு வந்தாள்: டெக்சஸில் வகுப்பில் முதல் பத்து சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு, 1997-இல் வந்த சட்டம். ஆஸ்டினில் இருக்கிற டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் வரம்பு இன்னும் குறுகல். இவள் நானூற்றுச் சொச்சம் பேரில் பதினோராவது. எங்கள் பள்ளிச் சுவரில் அந்த அறிவிப்பு இருக்கிறது, நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அறைத்தோழி ஒருத்தி பல் தேய்த்துக்கொண்டே சொன்னபோதுதான் அது அவள் காதில் ஏறியிருக்கிறது.

"ஒரு இனத்துக்கு மட்டும் எதற்குத் தனியாக?" என்று ஒருவர் வருவார், தெரியும். டெக்சஸ் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஹிஸ்பானிக், இதைத் தனி என்று சொல்வதே சிரிப்பு. அதோடு நாம் ஃபெட்னா (வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை) விழாவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள்தானே?

நீங்கள் கேட்ட "வரி" விஷயத்தில் உங்கள் சந்தேகம் முழுத் தப்பில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஹூஸ்டனில் இருந்தபோது என் மகனுக்குத் தங்க முத்திரை போட்ட கடிதம் வந்தது. "நாட்டின் இளம் தலைவராக நாமினேட் செய்யப்பட்டிருக்கிறீர்கள்." பெயர் சொல்ல மாட்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பெருமைப்பட்டு, மூவாயிரம் டாலர் கட்டினேன். ஏசி பஸ்ஸில் வாஷிங்டன் நினைவுச்சின்னங்களைச் சுற்றிவிட்டு ஒரு டி-ஷர்ட்டோடு வந்தான். நாமினேட் செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த மாதிரிக் கடிதம் வந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போடுங்கள்.

அதே ஊரில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மகன் பாரதியார் வேஷம், நாலு வரி பேச வேண்டும். குத்துவிளக்கேற்ற ஆறு பேர், பொன்னாடை போர்த்த ஆறு பேர், பிறகு சிறப்பு விருந்தினர் ஐம்பது நிமிடம் இளைஞர் தலைமைத்துவம் பற்றிப் பேசினார். பிள்ளைகள் திரைக்குப் பின்னால் வியர்த்து நின்றன. இவன் முறை வந்தபோது ஒட்டுமீசை பாதி தொங்கிக்கொண்டிருந்தது, நேரமில்லை, இரண்டு வரியோடு நிறுத்து என்றார்கள். அந்த மைக்கைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் எட்டு நாள் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்க நம்மில் எத்தனை பேருக்கு மனசு வரும்?

அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஆஸ்டினில் இடம் கிடைத்தது. மறுபடி அதே அடுக்களை மேஜை, அதே விரிப்பு. அம்மா அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை அவள் என் முகத்தைப் பார்த்து, "என் பிள்ளையை அங்கே யார் பார்த்துப்பாங்கன்னு கேட்கிறாங்க, மிஸ். என்னால வர முடியாதேன்னு சொல்றாங்க" என்று ஒரு சொல் விடாமல் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே அம்மா பக்கம் திரும்பி ஸ்பானிஷில் படபடவென்று பேச ஆரம்பித்தாள். அந்த வேகத்துக்கு என் ஸ்பானிஷ் ஓடவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், எனக்கென்று எடுத்துவைத்திருந்த பீன்ஸ் தமாலேயைச் சூடு பண்ணினார்.

உங்கள் பிள்ளையோ, தெரிந்த பிள்ளையோ விண்ணப்பிப்பதாக இருந்தால் குளிர்காலத்திலேயே பள்ளி கவுன்சலரைப் பார்க்கச் சொல்லுங்கள், உதவித்தொகையை முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு டீச்சருக்கு இரண்டு வாரமாவது கொடுங்கள். கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு "மிஸ், ஒரு சின்ன உதவி" என்று மெசேஜ் அனுப்பினால் எழுதித்தான் கொடுப்பேன், ஆனால் திட்டிக்கொண்டேதான் எழுதுவேன்.